ஊஞ்சல் பக்கம்

"என் மனசு ஆறணும் மாஸ்டர். அதுக்கு நான் என்ன செய்யணும்?"

சற்குணத்துக்கு நாற்பத்தேழு வயது. மாநகராட்சிப் பூங்காவில் அவருக்கு ஸ்கேட்டிங் கற்றுத்தரும் ரெஹானாவுக்கு இருபத்தைந்து. ஆனாலும் முதல் நாளிலிருந்தே அவர் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மாலை, ஸ்கேட்டிங் சரிவில் இறங்கிய சற்குணத்தால் சக்கரப் பலகையை நிறுத்த முடியவில்லை. தளத்தைத் தாண்டி, ஊஞ்சல்கள் இருக்கிற பக்கம் போய், குறுக்கே வந்த ஒரு சிறுமிமேல் மோதிவிட்டார்.

அவள் வாயெல்லாம் ரத்தம். மணலில் ஒரு பல் கிடந்தது.

அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனாள். சற்குணம் நின்ற இடத்திலேயே நின்றார்.

அவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாய்மேல்கூட ஏற்றியதில்லை. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கியது. லீவு போட்டார். போனை அணைத்து வைத்துவிட்டு வீட்டிலேயே கிடந்தார். நேற்றுதான் அதை எடுத்து ரெஹானாவை நாலு தடவை கூப்பிட்டுப் பேசினார். நாளைக்கு நேரில் வாருங்கள் என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள்.

இப்போது அவர் கேட்டதும் ரெஹானா எழுந்து ஊஞ்சல் பக்கம் நடந்தாள்.

பின்னாலேயே போன சற்குணம் பாதி வழியில் நின்றுவிட்டார்.

ஊஞ்சலில் அந்தச் சிறுமி இருந்தாள்.

திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ரெஹானா நிற்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

அவர் மெதுவாகப் போய்ச் சிறுமியின் முன்னால் குந்தினார். வீட்டில் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"ரொம்ப வலிச்சுதாம்மா?"

"அன்னைக்கு வலிச்சுது."

அவள் வாயைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினாள். ஈறில் வெள்ளையாகப் புதுப் பல்லின் முனை தெரிந்தது.

பெஞ்சில் இருந்த அவள் அம்மா எழுந்து வந்தாள். அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பால் பல்தான் என்றாள். உதட்டில் சின்னக் காயம், டாக்டர் மருந்து போட்டு உடனே அனுப்பிவிட்டாராம். உங்களிடம் சொல்லலாம் என்று பார்த்தோம், நீங்கள் அப்புறம் வரவே இல்லையே என்றாள்.

சற்குணம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. மூன்று வாரமாக நெஞ்சோடு நின்றுபோயிருந்த மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

சிறுமி ஊஞ்சலைத் தள்ளிவிடச் சொன்னாள். தள்ளினார். இன்னும் வேகமாக என்றாள். இன்னும் வேகமாகத் தள்ளினார்.

திரும்பி வரும்போது அவர் கேட்டார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

"தெரியும். மறுநாளே விளையாட வந்துட்டா."

"நேத்து நாலு தடவை போன் பண்ணேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

ரெஹானா நின்று அவரைப் பார்த்தாள்.

"தூக்கம் வரலைன்னு சொன்னீங்க. கை நடுங்குதுன்னு சொன்னீங்க. நாலு தடவையில ஒரு தடவைகூட, பாப்பா எப்படி இருக்குன்னு கேக்கலையே அண்ணா."