மூன்று வண்டிக்கும் ஒரே மஞ்சள்

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தணிகாசலத்துக்காக வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அவர்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. நடந்தது முழுவதையும் சொல்கிறேன், நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

சேலத்துப் பக்கம் மலைமேல் மூங்கில்கோம்பை என்று ஓர் ஊர். அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் தூளி கட்டித் தோளில் சுமந்துதான் அடிவாரத்துக்கு இறக்க வேண்டும். அந்த ஊர்க் காளியண்ணனின் மனைவி பிரசவ வலியோடு அப்படி இறங்கும்போது பாதி வழியில் இறந்துபோனாள். அன்றைக்குத் தூளியைப் பிடித்தபடி கூடவே நடந்தவள் ஊர் நர்ஸ் சுகிர்தா. ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் ஜீப் வந்தே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மனுக் கொடுத்து அலுத்துப்போனபின், கன்னியாகுமரி வரை மோட்டார் சைக்கிளில் போய் வழியெல்லாம் உதவி கேட்பது என்று முடிவு செய்தாள். காளியண்ணன் வருகிறேன் என்றார். அடிவாரத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் இஸ்மத்தும் சேர்ந்துகொண்டான்.

காயலான் கடைக்குப் போக இருந்த மூன்று வண்டிகளை இஸ்மத் மலிவாகப் பிடித்துவந்தான். மூன்றும் ஒரே மாடல், ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குப் பொருந்தும்.

"புது வண்டியில போனா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்க்கா. இதுல போனா, எதுக்கு இப்படிக் கஷ்டப்படறீங்கன்னு கேப்பான். கேட்டா சொல்லலாம்" என்றான்.

தணிகாசலம் அடிவாரத்து ஊரில் மோட்டார் ஷோரூம் முதலாளி. இவர்கள் உதவி கேட்டுப் போனபோது வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சிரித்தார். பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரர் நிற்பதைப் பார்த்ததும் வாய் இன்னும் நீண்டது.

"இந்த மூணுல ஒண்ணு, மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள கன்னியாகுமரி வந்து சேரட்டும். ஜீப் நான் தர்றேன். அங்கயே வந்து சாவியைக் கையில குடுக்கறேன்."

கூடவே நிபந்தனையும் போட்டார். வண்டியை லாரியில் ஏற்றக் கூடாது. பெட்ரோல், ஆயில், பஞ்சர் ஒட்டு தவிர வெளியிலிருந்து ஒரு சாமான் சேரக் கூடாது. ஏமாற்றிவிடுவார்களோ என்று, வண்டிச் சட்டமான சேஸ், இன்ஜின், சக்கரம் என ஒவ்வொன்றின்மேலும் பெயிண்டில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். புள்ளி இல்லாத எதுவும் வந்து சேரக் கூடாது என்பது பேச்சு.

"மொதலாளி, மூணு வண்டிக்கும் மூணு கலர் வெச்சரலாங்களா?" என்று பெயிண்டர் கேட்டார்.

"எதுக்கு? எல்லாம் ஒரே பழைய இரும்புதானே. ஒரே மஞ்சள் போதும்."

சுகிர்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரிங்க சார், அப்படியே வைங்க" என்று மட்டும் சொன்னாள்.

கிளம்பினார்கள். கரூரிலும் மதுரையிலும் கோவில்பட்டியிலும் ஜனங்கள் சிரித்தார்கள், கேட்டார்கள், கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் வள்ளியூர் தாண்டியதும் விதி விளையாட ஆரம்பித்தது. இஸ்மத் ஓட்டிய வண்டியின் சேஸ் கழுத்தில் விரிசல் விட்டது, இரண்டு சக்கரத்திலும் கம்பிகள் தெறித்துப்போயின. காளியண்ணன் ஒரு பள்ளத்தில் இறங்கி இரண்டு சக்கரத்தையும் நெளித்துக்கொண்டார், இன்ஜினும் ஜாமாகிவிட்டது. சுகிர்தாவின் வண்டியில் கியர்பாக்ஸ் நொறுங்கி, சேஸ் வளைந்துபோனது. மூன்றையும் தள்ளிக்கொண்டுபோய் ஒரு காற்றாலையின் நிழலில் நிறுத்தினார்கள்.

இஸ்மத் ஸ்பேனரை எடுத்தான். "அண்ணே, உங்க வண்டியில சேஸ் நல்லாருக்குது. என்னுதுல இன்ஜின் நல்லாருக்குது. அக்கா வண்டியில சக்கரம் ரெண்டும் நல்லாருக்குது. என்ன பண்ணலாம்?"

"அவளைத் தூக்கிட்டு வந்தப்ப பாதி வழியில நின்னுட்டோம்" என்றார் காளியண்ணன். "இப்ப நிக்கறதா இல்ல. கழட்டு தம்பி."

மூன்றும் சேர்ந்து ஒன்றாகி உறுமிற்று. எடை குறைந்தவள் என்று சுகிர்தா ஓட்டினாள். மற்ற இருவரும் பஸ் பிடித்தார்கள். சூரியன் கடலைத் தொடுவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அவள் வந்து நின்றாள்.

பத்திரிகைக்காரரோடு அங்கே காத்திருந்த தணிகாசலம் குனிந்து பார்த்தார். எங்கும் மஞ்சள் புள்ளி இருந்தது. எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதையும் சுகிர்தா ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் சட்டைப் பையிலிருந்து சாவி வெளியே வரவில்லை.

"இந்த மூணுல ஒண்ணுன்னு நான் சொன்னேன். எந்த ஒண்ணு வந்திருக்குது? காளியண்ணன் வண்டியா? அதோட இன்ஜின் ரோட்டுல கெடக்குது. இஸ்மத் வண்டியா? அதோட சேஸ் எங்கே? நர்சம்மா வண்டின்னா, வெறும் சக்கரம் வண்டியாயிருமா? ஆர்.சி. புக்கு மூணையும் காட்டுங்க. எதோட பொருந்துதுன்னு பாப்போம்."

எதோடும் பொருந்தாது என்று அவருக்குத் தெரியும். வண்டியைவிட்டுச் சுகிர்தா இறங்கவில்லை.

"யார் வண்டின்னு நாங்க மூணு பேரும் அடிச்சுக்க மாட்டோம் சார். சாவி வாங்காம இங்கிருந்து நகரவும் மாட்டோம்."

பதிவுப் புத்தகத்தைப் புரட்டினால் தணிகாசலம் பேசுவதும் பொய்யில்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள். கிளம்பிய மூன்றில் ஒன்று வந்து சேர்ந்ததா, இல்லையா? சாவியைக் கொடுப்பது நியாயமா, மறுப்பது நியாயமா?

விடை பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு வண்டி என்று தணிகாசலம் மதித்திருந்தால் பெயிண்டர் கேட்டபோதே மூன்று கலர் வைத்திருப்பார். எல்லாம் ஒரே இரும்பு என்று அவரே சொல்லி, ஒரே அடையாளம் வைத்தார். புறப்படும்போது ஒன்றாகத் தெரிந்தது வந்து சேர்ந்தபின் மூன்றாக முடியாது. அவர் அடையாளம் வைத்த இரும்பு வந்து சேர்ந்துவிட்டது. பத்திரிகைக்காரர் அந்தப் பேச்சைக் குறித்து வைத்திருந்தார், எல்லோர் முன்பும் படித்தும் காட்டினார். சூரியன் முழுகுமுன் சாவி கைமாறியது. இன்றைக்கும் மூங்கில்கோம்பை ஜீப்பின் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் புள்ளி இருக்கிறது. ஷோரூம் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் தணிகாசலம் பார்க்கட்டும் என்று சுகிர்தா வைத்தது.