பிரபுவின் முகம் போட்ட காசு

ஐரோப்பாவில் கோட்டைக்கொரு பிரபு தன் முகத்தைப் போட்டுக் காசு அடித்துக்கொண்டிருந்த காலம். ரெனால்ட் பிரபுவின் நாணயச்சாலையில் சுத்தியல் அடிக்கிறவன் ஓடோ. வெள்ளி வில்லையை அச்சில் வைத்து ஓங்கி அடித்தால் பிரபுவின் முகம் விழும்.

அந்த வருஷம் பிரபு பாதி வெள்ளியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் செம்பைக் கலக்கச் சொன்னார். கூலியெல்லாம் அந்தக் காசில்தான். வரி மட்டும் பழைய சுத்த வெள்ளியில் வரவேண்டுமாம்! உழைக்கிறவனுக்குச் செம்பு, உட்கார்ந்திருக்கிறவருக்கு வெள்ளி!

"இது என்ன நியாயம், பிரபுவே?" என்று கேட்டேவிட்டான் ஓடோ.

"வெள்ளி கிடக்கட்டும். மேலே என் முகம் இருக்கிறதல்லவா? காசுக்கு மதிப்பே அதுதான். போடா, போய் அடி!"

ஓடோ போய்ச் சுத்தியலை எடுத்தான்.

வரி நாளன்று ஊரே கூடியிருக்க, ஓடோ தன் வரியாக பிரபுவின் மேசையில் வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு வில்லைகளை அடுக்கினான். ஒவ்வொன்றிலும் பிரபுவின் முகம், மூக்கும் முழியுமாக. சுத்த வெள்ளிதானா என்று பிரபு ஒன்றைக் கடித்துப் பார்த்தார். நறுக்கென்றது. முள்ளங்கி!

"அடேய், வெள்ளி எங்கேடா?"

"நீங்கள் கொடுத்த கூலியை நீட்டினால் ரொட்டிக்காரியும் இதையேதான் கேட்கிறாள், பிரபுவே. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

கடித்த முள்ளங்கியை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பிரபு விழித்தார்.