சகலைகள் செய்த ஒழுகாத ஹெட்டர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கோயம்புத்தூர் கணபதிக்கு வந்து யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கே மூன்று சகலைகள் சேர்ந்து ஒரு பட்டறை நடத்துகிறார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, அடுத்தவர் மாரப்பன், கடைசி ஆறுச்சாமி. அக்கா தங்கைகள் மூன்று பேரைக் கட்டியவர்கள். அந்த மூன்று பெண்களும் படு கெட்டிக்காரிகள். குடும்பத்துக்கு உண்டான புத்தி முழுவதும் அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

ஹோட்டல்களுக்கு இட்லிக் கொப்பரை, சாம்பார் அண்டா, பாத்திரம் கழுவும் தொட்டி என்று எவர்சில்வரில் செய்து கொடுப்பதுதான் தொழில். வெல்டிங்கைக் குறை சொல்ல முடியாது. எதைச் செய்தாலும் தண்ணீர் ஊற்றி நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் மூவருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது.

இவர்களிடம் சாருமதி வந்து மாட்டினாள். கார்ப் பந்தயம் ஓட்டுகிற பெண். மூன்று வருஷமாக இரண்டாம் இடம். முதலிடம் ஒவ்வொரு வருஷமும் ஒரு பொள்ளாச்சிக்காரருக்கே போனது. "இந்த ஞாயித்துக்கெழமையும் ஜெயிக்கலீன்னா காரை வித்துப்போட்டு என்ற பம்ப்செட் கடையில வந்து உக்காரு" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, பந்தயத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, காரின் ஹெட்டர் விரிசல் விட்டது.

ஹெட்டர் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. என்ஜினின் நாலு சிலிண்டரும் கக்குகிற புகையை நாலு வளைந்த குழாய்களில் வாங்கி, ஒரே வாயில் சேர்த்து வெளியே அனுப்புகிற சாமான், அவ்வளவுதான். நல்ல பட்டறைகளில் எல்லாம் பந்தயக் கார்கள் வரிசைகட்டி நின்றன. சகலைகளின் பட்டறையில் மட்டும் ஈ காக்கை இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

"அண்ணா, நாலு குழாயும் ஒரே நீளமா இருக்கோணும். எங்கயும் ஒழுகக் கூடாதுங்ணா. பொட்டு ஓட்டை இருந்தாலும் நான் தோத்துப் போயிருவேன்" என்றாள்.

நாச்சிமுத்து நெஞ்சில் கை வைத்தார். "எங்க வேலை ஒழுகுச்சுன்னு சொன்னவன் இந்த ஊர்லயே கெடையாதுங் அம்மணி."

நாலு குழாயையும் ஒரே நீளத்தில் அறுத்தார்கள். வளைத்ததும் வம்பு வந்தது.

"இது குட்டையாயிருச்சுங்க சகல" என்றார் மாரப்பன்.

"வளைச்சா அப்படித்தானுங்க தெரியும்."

"தெரியக் கூடாதுங்க. அம்மணி ஒரே நீளம்னு சொல்லியிருக்குது."

ஆகவே வளைத்ததை நிமிர்த்தி அளந்தார்கள். நீளம் சரியாக இருந்தது. திரும்ப வளைத்தார்கள். திரும்பச் சந்தேகம் வந்தது. திரும்ப நிமிர்த்தினார்கள். இப்படியே இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் நாச்சிமுத்துவின் வீட்டுக்காரி அளக்கிற டேப்பை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். அதனால்தான் குழாய்கள் வளைந்தபடி நின்றன.

வியாழக்கிழமை ஹெட்டர் முடிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகு. வழக்கப்படி மாரப்பன் ஒரு குடம் தண்ணீரை மேல்வாய்களில் ஊற்றினார். அது அப்படியே அடிவாய் வழியாகக் கொட்டியது. மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒழுகுதுங்க சகல."

"ஒழுகலீங்க, ஊத்துது."

"பொட்டு ஓட்டைக்கே தோத்துருவேன்னுச்சு அம்மணி. இதுல என்ற கையே நுழையுது!"

நல்ல கனமான தகடாக வட்டம் வெட்டி அடிவாயை அடைத்தார்கள். தண்ணீர் நின்றது. ஆனால் ஆறுச்சாமி எதையும் ஆழமாக யோசிப்பவர். "காரு மேடு பள்ளத்துல போகுமில்லீங்களா?" என்று ஹெட்டரைச் சாய்த்தார். மேலிருந்த நாலு வாயிலும் தண்ணீர் கொட்டியது. அந்த நாலையும் அடைத்தார்கள்.

"இப்ப ஒழுகுதான்னு பாக்கத் தண்ணிய எப்படிங்க ஊத்தறது?" என்று கேட்டார் மாரப்பன்.

நியாயமான கேள்வி. ஓரத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, அந்த ஓட்டையையும் அடைத்தார்கள்.

"அந்த ஓட்டைய அடைச்ச எடம் ஒழுகாதுன்னு என்னங்க நிச்சயம்?"

"உள்ள தண்ணி இருக்குதில்லீங்க? சனிக்கெழம வரைக்கும் வெச்சுப் பாப்போம்."

சனிக்கிழமை காலை சாருமதி வந்தபோது ஹெட்டர் சந்தனம் குங்குமம் வைத்து மணையில் உட்கார்ந்திருந்தது. எவர்சில்வர் என்றால் பேர் வெட்டாமல் கொடுப்பது மரியாதை இல்லை என்று, "சாருமதி, புதுமனை புகுவிழா நினைவாக" என்றும் வெட்டியிருந்தார்கள். அவள் ஆசையாகத் தூக்கினாள். உள்ளே களக் களக் என்றது.

"என்னங்ணா இது?"

"தண்ணிங் அம்மணி. ரெண்டு நாளா உள்ளயே இருக்குது. ஒரு சொட்டு வெளிய வரலீங்க."

"புகை எப்படிங்ணா வெளிய போகும்?"

"தண்ணியே போகாத எடத்துல புகை எப்படிங் போகும்?" என்றார் நாச்சிமுத்து, பெருமை தாங்காமல்.

சாருமதி ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதாள். பாவம், யாராயிருந்தாலும் அழுதிருப்பார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கட்டிங் மெஷினை வாங்கி, ஐந்து மூடிகளையும் தன் கையாலேயே அறுத்தெறிந்தாள். ஓரத்துச் சின்ன அடைப்பை மட்டும் விட்டுவைத்தாள். மாரப்பன் அதைப் பார்க்கச் சகிக்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் காரில் பூட்டி சாவியைத் திருப்பினால், என்ஜின் உறுமிய உறுமலில் தெருவே வாசலுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு கார்கள். கடைசிக்கு முந்தின சுற்றை சாருமதிதான் முதலில் முடித்தாள். ஆனால் பொள்ளாச்சிக்காரர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார், சுற்றுக்குச் சுற்று நெருங்கியிருந்தார். கடைசிச் சுற்றில் முந்திவிடுவார் என்பது வேலியோரம் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவசரத்துக்கு ஆகும் என்று வெல்டிங் மெஷினோடு வந்திருந்த சகலைகள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர்கள் பார்த்தது சாருமதியின் கார் பின்னால் கிளம்பிய புகையை.

"சகல, ஒழுகுதுங்க!"

"அய்யோ, அம்மணி தோத்துருமே!"

நாச்சிமுத்து வேலி மேல் ஏறி, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துச் சுழற்றினார். பந்தயத்தில் சிவப்புக் கொடி என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். துண்டைப் பார்த்த கொடிக்காரர் தன் சிவப்புக் கொடியைக் காட்ட, அவரைப் பார்த்து அடுத்தவர் காட்ட, பன்னிரண்டு காரும் நின்றுவிட்டன. பந்தயம் பாதியில் நின்றால் கடைசியாக முடிந்த சுற்றில் முதலில் வந்தவருக்கே வெற்றி என்பது அங்கே விதி. பொள்ளாச்சிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் எறிந்தார். சாருமதியின் அப்பா, "கடைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன் கண்ணு" என்று மகளைக் கட்டிக்கொண்டார்.

பந்தய அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ், எதுக்குய்யா துண்டை ஆட்டின?"

"ஒழுகுச்சுங்க."

"எந்தக் காரு?"

நாச்சிமுத்து வரிசையாக நின்ற கார்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. "பன்னெண்டுமே ஒழுகுதுங்க" என்றார்.

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு மேடைக்குப் போனார். கோப்பை கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், எல்லோரும் பேசினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவரவர் காருக்கு வந்து சாவியைத் திருப்பினால், ஒரு கார்கூடக் கிளம்பவில்லை.

வெல்டிங் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நாச்சிமுத்து, வியர்வையைத் துடைத்தபடி சாருமதியிடம் வந்தார்.

"பன்னெண்டையும் அடைச்சாச்சுங் அம்மணி. நம்ம காருக்கு மட்டும் ரெண்டு மூடி போட்டிருக்கோம்."