மீன்தொட்டி விளக்கு

நல்லபெருமாள் அறுபது வயதில் சீடரானார். அவருடைய குரு உலகநாயகி அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. நாகர்கோவிலுக்கு வெளியே சிறிய தியான வீடு ஒன்றை நடத்திவந்தார். சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மனைவி செண்பகம் இறந்த பிறகு அங்கே வந்து சேர்ந்தவர் நல்லபெருமாள். அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"செத்துப்போனவகிட்ட எப்படிம்மா மன்னிப்பு கேக்கது?"

அம்மா கேட்டுக்கொள்வார். பதில் சொல்லமாட்டார். ஒருநாள் மட்டும், "உங்க வீட்டுக்கு வரலாமா?" என்றார்.

வந்தார். கூடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மூடியின் உள்பக்கம் பொருத்திய குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் செடிகள் பழுப்பேறி, இலை கரைந்து, வெறும் தண்டாக நின்றன.

"யார் வெச்சது?"

"அவதான். நான் தீனி மட்டும் போடுதேன்."

"செடியெல்லாம் பட்டுப்போகுதே. பல்பு எப்ப மாத்தினது?"

"மாத்தல. எரியுதுல்லா?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"இதையேதான் அவகிட்டயும் சொன்னேன். வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணுங்க, பாக்க எரிஞ்சாலும் செடிக்கு வேண்டிய வெளிச்சம் அதுல தீந்துபோயிரும்னு சொன்னா. நான் பேப்பர்லேருந்து தலையத் தூக்கல. எரியுதுல்லா, பொறவென்னன்னேன்."

அம்மா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்புறம், படியேறினா மூச்சு வாங்குதுங்கன்னு சொன்னா. நீ நடமாடுதேல்லா, பொறவென்னன்னேன். சமைச்சா, துணி துவைச்சா, இந்தத் தொட்டிக்குத் தண்ணி மாத்தினா. எல்லாம் எப்பவும் போலதான் செஞ்சா. ஒருநாள் அடுக்களையில விழுந்தா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல."

அம்மா தொட்டியின் விளக்கைக் காட்டினார்.

"சுவிட்சை அணைங்க," என்றார் அம்மா. "பிளக்கையும் பிடுங்கிருங்க."

நல்லபெருமாள் எழுந்து அப்படியே செய்தார். மூடியைத் திறந்து, விளக்கைப் பதமாகத் திருகிக் கழற்றினார். இரண்டு முனைகளும் கறுத்திருந்தன.

"இது என்ன பல்பு?"

"தெரியலயே."

"பாருங்க."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேட்டி நுனியால் துடைத்தார். ஒரு முனையில் பொடி எழுத்துகள் இருந்தன. வாட் அளவு தெரிந்தது. மற்றது பாதி அழிந்திருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். இத்தனை காலம் தன் வீட்டில் எரிந்த ஒன்றை இப்போதுதான் கையில் எடுத்துப் பார்க்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

துண்டில் சுற்றி, பழைய விளக்கையே வளர்ப்பு மீன் விற்கும் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீளம், தடிமன், வாட் எல்லாம் இதேதான் இருக்கணும். வீட்டு டியூப்லைட்டு ஆகாது. செடிக்கு உள்ளதையே தாரேன்."

திரும்பி வந்து, கூடத்திலேயே காத்திருந்த அம்மாவின் முன்னால் மாட்டினார். சுவிட்சைப் போட்டார். எரிந்தது.

"முன்னால மாதிரிதானம்மா இருக்கு?"

"நமக்கு."

"இப்ப மாத்தி என்ன செய்ய? அவ வந்து பாக்கவா போறா?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நல்லபெருமாள் அழுகிய இலைகளைக் கிள்ளி எடுத்தார். தண்ணீர் மாற்றினார். வாரங்கள் போயின. பல செடிகள் பிழைக்கவில்லை. ஒரு காலையில், பட்டுப்போய்விட்டது என்று நினைத்திருந்த தண்டின் நுனியில் சின்னதாக ஓர் இலை நின்றது.

"செண்பகம்!" என்று அடுக்களையைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்.

அடுக்களை சும்மா இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு தியான வீட்டுக்கு நடந்தார். அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"இலை விட்டிருக்கும்மா," என்றார் நல்லபெருமாள். "சொல்ல ஆளில்ல. அவ இப்படித்தான் ஓடி வருவா. புது இலைங்க, வந்து பாருங்கன்னு கையப் பிடிச்சு இழுப்பா. நான் ஒருக்கா கூட எழுந்து போனதில்ல."

அம்மா பாயை விரித்தார். அவர் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை பக்கத்தில் இருந்தார். பிறகு கேட்டார்:

"என்ன நிறம் அண்ணாச்சி?"

நல்லபெருமாள் வாயைத் திறந்தார். பச்சை என்று சொல்ல வந்தது. சிவப்பு ஓடியிருந்ததோ? இலை சுருண்டிருந்ததா, விரிந்திருந்ததா? ஒன்றும் நினைவில் இல்லை.

"சரியாப் பாக்கலம்மா," என்றார்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."