ஒரு இட்லியின் சதவீதம்

கோவில்பட்டியில் எபினேசர் அரசுத் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்திவந்தார். வயது இருபத்தெட்டு. அவரிடம் படித்த நாற்பது பேரில் மூத்தவர் முத்துப்பேச்சி. வயது வரம்பின்படி இந்த ஆண்டுத் தேர்வுதான் அவருக்குக் கடைசி.

கேள்வியில் எண்களை மட்டும் வட்டமிட்டு விடை எழுதுவது முத்துப்பேச்சியின் பழக்கம். அன்றும் அப்படித்தான் எழுதினார்.

"வேலனின் எடை பாண்டியின் எடையைவிட 25 சதவீதம் அதிகம் எனில், பாண்டியின் எடை வேலனின் எடையைவிட எத்தனை சதவீதம் குறைவு?"

"இருபத்தஞ்சு" என்றார்.

"இருபது, அக்கா."

"ஒரே வித்தியாசம்தானே சார். அந்தப் பக்கம் இருபத்தஞ்சு, இந்தப் பக்கம் இருபதா? என்ன கள்ளக் கணக்கு இது?"

பின்வரிசை சிரித்தது. முத்துப்பேச்சி பேனாவை மூடினார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அவர் பெஞ்சிலேயே இருந்தார். எபினேசர் டிபன் டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சாப்பிடலையா?"

"நாளையிலேர்ந்து வரலை சார். என் மண்டைக்கு இது ஏறாது."

"சரி. இன்னைக்குச் சாப்பிடலாம்ல? டப்பாவைத் திறங்க."

முத்துப்பேச்சியின் டப்பாவில் நான்கு இட்லி. எபினேசர் டப்பாவில் ஐந்து. எபினேசர் ஒன்றை எடுத்து அவர் டப்பாவில் வைத்தார்.

"ஐயோ, உங்களுக்குக் குறைஞ்சுபோச்சே சார்."

"எவ்வளவு குறைஞ்சுது?"

"அஞ்சுல ஒண்ணு."

"உங்களுக்கு எவ்வளவு கூடுச்சு?"

முத்துப்பேச்சி டப்பாவைப் பார்த்தார். "எங்கிட்ட இருந்தது நாலு. நாலுல ஒண்ணு." விரலை மடக்கி எண்ணினார். "உங்களுக்கு இருபது போச்சு. எனக்கு இருபத்தஞ்சு வந்துச்சு. இட்லி ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்."

"அப்ப யாரைவிடன்னு முதல்ல பாக்கணும். அவங்க டப்பாவைத்தான் நூறுன்னு வைக்கணும்."

எபினேசர் தலையசைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

முத்துப்பேச்சி இட்லியைத் தொடவில்லை. "இந்த ஒரு கணக்கைப் பிடிக்க எனக்கு அரை நாள். பின்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்க நிமிசத்துல போட்டுருதுங்க. நான் நின்னுட்டா உங்களுக்கும் பாரம் குறையும். நாப்பது பேர்ல ஒருத்திதானே சார்?"

எபினேசர் கையில் எடுத்த இட்லியைக் கீழே வைத்தார்.

"எனக்கு நாப்பதுல ஒண்ணு போகும்க்கா. உங்களுக்கு இருக்கிறதே இந்த ஒரு தேர்வுதான். ஒண்ணுல ஒண்ணு."