மடித்த இலைக்குள் இளங்கீரை

பாலக்கீரையும் பசலைக்கீரையும் ஒன்றுதான் என்று நாட்டில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது: ஒன்றல்ல.

பசலை கொடி. தடித்த இலை. கிள்ளினால் வழவழக்கும். பாலக் எதன் மீதும் ஏறாது. தரையில் கொத்தாக, தன் பாட்டுக்கு நிற்கும்.

இந்த வேறுபாட்டை அறியாமலே எத்தனையோ பேர் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். நிம்மதியாகத்தான் வாழ்ந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஓடைக்கரை மடத்துக்கு ஞாயிறுதோறும் வருகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் மாசிலாமணி தன் பேச்சைத் தொடங்குவார். முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். ஓய்வு பெற்று, ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். வயது அறுபத்தொன்று.

குருவுக்கு நாற்பத்தைந்துதான். மற்றவர்களைப் போல அவரும் மாசிலாமணியை 'சார்' என்றே அழைத்தார். அதில் கிண்டல் ஏதும் உண்டா என்று மாசிலாமணி பலமுறை யோசித்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேச்சுக்கு முன், அவர் குருவிடம் போய் நின்றார்.

"சாமி, நான் சொல்வதைக் கேட்டு எத்தனையோ பேர் பயன் பெறுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இன்னும் ஒன்றும் இறங்கவில்லை?"

குரு நிமிர்ந்து பார்த்தார். "எது இறங்கவில்லை, சார்?"

"ஞானம்."

"ஓ. ஞானமா?" என்றார் குரு. பிறகு பாத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

---

பாத்தியில் விளைவது இளம் பாலக். விதைத்த இருபத்தைந்தாம் நாள், இலை உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும்போதே அறுத்துவிடுவார்கள். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு இலவசம். அதை என்ன செய்வது என்று சொல்வது மாசிலாமணியின் பொறுப்பு. குரு அவருக்குக் கொடுத்த ஒரே ஆன்மிகப் பயிற்சி அது.

அவர் அதைப் பிரமாதமாகச் செய்தார்.

"இளங்கீரையை வேகவைக்கக் கூடாது. பருப்பு வெந்து இறக்கிய பிறகு, இரண்டு கை அள்ளிப் போட்டு மூடிவிடுங்கள். அந்தச் சூடு போதும். அதற்கு மேல் அடுப்பில் வைத்தால் அது சமையல் அல்ல, தண்டனை."

கூட்டம் சிரிக்கும்.

"தோசை ஊற்றியதும், மாவு காய்வதற்குள் இலையை மேலே தூவி ஒரு அழுத்து. உப்புமாவைக் கிளறி முடிக்கும்போது ஒரு பிடி. சப்பாத்தி மாவில் அரைத்து ஊற்றுங்கள், தண்ணீருக்குப் பதில். சோம்பேறிகளுக்கு ஒரு வழி இருக்கிறது: பொடியாக நறுக்கித் தயிரில் போடுங்கள். மேலே கடுகு தாளித்துக் கொட்டுங்கள். அடுப்பில் வேலை அவ்வளவுதான்."

இப்படி நாற்பது வழிகள். பெண்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இதில் ஒரு வழியைக்கூட மாசிலாமணி வாயில் வைத்ததில்லை.

கீரை அவர் தொண்டையில் இறங்காது. வாசனை வந்ததுமே குமட்டும். வீட்டில் இருந்தவரை தட்டில் விழாமல் பார்த்துக்கொண்டார். மடத்தில் அது முடியாது. வாழை இலையில் போட்டதை வீணாக்கக் கூடாது என்பது மடத்தின் விதி. தினமும் மதியம் கீரை உண்டு.

ஆகவே தினமும் மதியம், பேசிக்கொண்டே கீரையை இலையின் மேல் ஓரத்துக்குத் தள்ளுவார். கறிவேப்பிலையால் மூடுவார். எல்லோரும் எழுந்திருக்கும்போது இலையைப் பதமாக மடிப்பார். முதல் ஆளாக வெளியேறுவார். தன் இலைக்குப் பக்கத்தில் நிற்க அவருக்குப் பிடிக்காது.

பதினோரு மாதமாகிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கமும் பழகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தால் வரும், கை கழுவினால் போய்விடும்.

---

அந்த ஞாயிறு முன்வரிசையில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் மனைவி எழுந்தாள்.

"சார், என் பேரு செண்பகம். இவரு என் வீட்டுக்காரர், இருளப்பன். டவுன் பஸ்ல கண்டக்டர். போன வாரம் ஓடுற பஸ்ல மயக்கம் போட்டு, படிக்கிட்ட விழுந்துட்டாரு. ஒரு காலேஜ் பையன் சட்டையப் பிடிச்சு இழுக்கலன்னா இன்னிக்கி இவரு இல்ல."

"பட்டன்தான் பிஞ்சு போச்சு," என்றார் இருளப்பன். ஆள் வாட்டசாட்டம். முகம் மட்டும் வெளிறியிருந்தது.

"ரத்தம் ரொம்பக் கம்மியாம். டாக்டர் மாத்திரை குடுத்து, தினமும் கீரையும் சாப்பிடச் சொன்னாரு. மாத்திரைய முழுங்குறாரு சார். கீரைய மட்டும் தொட மாட்டேங்குறாரு. நானும் கெஞ்சிப் பாத்தாச்சு, திட்டிப் பாத்தாச்சு."

"கீரை சாப்பிடுறது மாடு," என்றார் இருளப்பன்.

"மாடு மயக்கம் போட்டு விழுந்து பாத்திருக்கீங்களா?" என்றாள் செண்பகம்.

கூட்டம் சிரித்தது. இருளப்பன் சிரிக்கவில்லை. மாசிலாமணியை, டிக்கெட் கேட்கிற மாதிரி பார்த்தார்.

"நாப்பது விதம் சொல்றீங்களே சார். இதுல நீங்க எது சாப்பிடுவீங்க?"

"எல்லாம்தான்," என்றார் மாசிலாமணி.

"தினமுமா?"

"கீரை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது."

இருளப்பன் தலையாட்டினார். "அப்ப சரி. இன்னிக்கிப் பந்தியில உங்க பக்கத்துல உக்காருறேன். ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம். நீங்க இறக்குனா நானும் இறக்குறேன். செண்பகம், இதுக்கு மேல என்கிட்ட பேசாத."

---

பந்தி உட்கார்ந்தது. சமையல்காரர் நாச்சிமுத்து வாளியோடு வந்து இரண்டு இலைகளிலும் கீரைப் பொரியல் வைத்தார். புதுக்கீரை. தேங்காய்ப்பூ மேலே வெள்ளையாகக் கிடந்தது. எதிர்வரிசையில் செண்பகம் சாப்பிடாமல் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருளப்பன் ஒரு பிடி எடுத்தார். மாசிலாமணியும் ஒரு பிடி எடுத்தார்.

"மூணு எண்ணுறேன் சார். ஒண்ணு."

மாசிலாமணிக்கு வியர்த்தது.

"ரெண்டு."

கை வாய்க்கு அருகில் வந்தது. வாசனையும் வந்தது.

"மூணு," என்று இருளப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டு பிடியை வாயில் போட்டார்.

மாசிலாமணியின் கை கீழே இறங்கியது.

இருளப்பன் மென்றார். முகம் கோணியது. விழுங்கினார். மூடிய கண்ணோடு அடுத்த பிடி. அதற்கடுத்த பிடி. அவர் கண் திறந்தபோது பக்கத்து இலையில் கீரை இல்லை. கறிவேப்பிலை மட்டும் மேல் ஓரத்தில் கொஞ்சம் குவிந்திருந்தது.

"இறங்கிருச்சு சார்!" என்று கத்தினார். "நீங்களும் முடிச்சிட்டீங்களா? என்னை முந்திட்டீங்களே!"

செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் எதிர்வரிசையிலிருந்து மாசிலாமணியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மாசிலாமணிக்கு வழக்கமாக வருகிற வெட்கம் அல்ல இது. காது மடல்வரை சுட்டது.

இலையை மடித்து எழுந்து, முதல் ஆளாக வெளியேறினார். ஆனால் இருளப்பன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தத் தோசை சொன்னீங்களே, அதை எழுதிக் குடுங்க. இவளுக்கு மறந்துரும்."

"எனக்கா மறக்கும்? நேத்து ராத்திரி மாத்திரைய மறந்தது யாரு?" என்றாள் செண்பகம்.

இருளப்பன் சட்டைப்பையில் கிடந்த பழைய டிக்கெட்டை நீட்டினார். அதன் முதுகில் மாசிலாமணி எழுதினார்: மாவு காய்வதற்குள் தூவவும். செண்பகம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கீரைக் கட்டு வாங்கப் போனாள்.

"கை கழுவணும், குழாய் எங்க இருக்கு சார்?" என்றார் இருளப்பன்.

குழாய் பின்கட்டில் இருந்தது. இருவரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

---

பின்கட்டில் எச்சில் இலைகள் கூடையில் அடுக்கியிருந்தன. பக்கத்தில் துவைக்கிற கல். கல்லின் மேல் குரு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு இலை.

அந்த இலையை அவர் பிரித்தார். கறிவேப்பிலையை விலக்கினார். கீரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மடத்தில் எச்சில் இலை எடுப்பது யார் என்று பதினோரு மாதத்தில் மாசிலாமணி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"சாமி!" இருளப்பன் பதறிப்போனார். "அது எச்சி இலை!"

"ஆமாம்," என்றார் குரு.

"யாரோடது?"

குரு மென்றுகொண்டிருந்தார். மாசிலாமணி பக்கம் திரும்பவில்லை.

அவர் சொல்லமாட்டார் என்று மாசிலாமணிக்குத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இருளப்பன் வீட்டுக்குப் போவார். தினமும் கண்ணை மூடிக்கொண்டு கீரை சாப்பிடுவார். படியில் விழமாட்டார். சொன்னால், அந்த மனிதர் இனி கீரையைத் தொடுவாரா?

பேசாமல் இருப்பது நல்லதாகவே பட்டது. பதினோரு மாதமும் அப்படித்தான் பட்டது.

குரு அடுத்த பிடி எடுத்தார்.

"என்னுடையது," என்றார் மாசிலாமணி.

இருளப்பன் திரும்பினார். "என்னது?"

"அந்த இலை என்னுடையது."

இருளப்பன் இலையைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார். அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை. டிக்கெட் எடுக்காதவர்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்.

"நான் கண்ண மூடுனேன்ல?"

"ஆமாம்."

"அப்பவா?"

"ஆமாம்."

"அந்த நாப்பது விதம்?"

"எதையும் நான் தின்று பார்த்ததில்லை."

மாசிலாமணி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்லூரியில் தன் முன்னால் அப்படி நின்ற மாணவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதில் ஒருவர் முகமும் நினைவில்லை.

பிறகு குருவிடம் கேட்டார்.

"எத்தனை நாளாக, சாமி?"

"நீங்கள் வந்த நாளிலிருந்து."

"ஏன் சொல்லவில்லை?"

குரு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்று உப்பு கொஞ்சம் குறைவு," என்றார்.

இலையில் இன்னும் ஒரு பிடி மிச்சமிருந்தது. குரு அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

மாசிலாமணி கல்லருகே தரையில் உட்கார்ந்தார். இருளப்பன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிக்கெட் எடுக்காத ஆள நடு வழியில இறக்கி விட்டுருவேன் சார்," என்றார். "ஆனா வயசானவங்களா இருந்தா, அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் பாக்காத மாதிரி இருந்துருவேன்."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தொன்று."

"வயசானவருதான்," என்று இருளப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அள்ளுங்க."

மாசிலாமணி அந்தப் பிடியை அள்ளினார்.

"கண்ண மூடிக்குங்க சார். அதான் ஒரே வழி."

"மூடமாட்டேன்."

"மூடலன்னா இறங்காது."

"மூடக் கூடாது, இருளப்பன்."

இருளப்பன் யோசித்தார்.

"அப்ப நான் மூடிக்கிறேன்," என்றார். சொன்னபடியே கண்களை இறுக மூடிக்கொண்டார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

---

மறுநாள் பந்தியில் குரு, தனக்கும் கீரை வேண்டும் என்றார்.

அவருக்குக் கீரை பிடிக்காது என்று பதினோரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து, வாளியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.