முயல் தொடாத துளிர்

மலைச்சரிவில் குடிசை போட்டுத் தங்கியிருந்த உலகம்மையிடம் பாடம் கேட்க வந்தவர்களில் அரியநாதர்தான் வயதில் பெரியவர். குருவைவிடவும் பெரியவர். ஆனாலும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அடிவாரத்து ஊரில் அவருடைய மகள் செங்கமலம் இருந்தாள். தாயில்லாத அவளைச் சிறுவயதிலேயே மாமன் வீட்டில் விட்டுவிட்டு ஞானம் தேடிப் போனவர் அவர். இப்போது நினைப்பெல்லாம் அவள்தான். அடிக்கடி இறங்கிப் போய் அவள் வாசலில் நிற்பார். முதல் தடவை அவள் அழுதாள். பிறகு திட்டினாள். கடைசியாகப் போனபோது முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்குக் குழந்தை பிறந்திருப்பதாக விறகு பொறுக்க வந்த பெண்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து அரியநாதருக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் குருவின் முன் போய் நின்றார்.

"கீழே போய்விட்டு வருகிறேன் அம்மா."

"போகலாம். கொஞ்சம் என்னோடு வாருங்கள்."

குடிசைக்குப் பின்னால் இரண்டு புதர்கள் நின்றன. இரண்டும் ஒரே செடிதான். ஒன்றை முயல்கள் எப்போதோ மொட்டையாக மேய்ந்திருந்தன. கடிபட்ட நுனிகளிலெல்லாம் இப்போது துளிர் தளதளவென்று கிளம்பியிருந்தது. மற்றது முற்றி முரடாகக் கிடந்தது.

இருவரும் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். ஒரு முயல் வந்தது. துளிரை முகர்ந்தது. ஓர் இணுக்கைக் கடித்து அப்படியே கீழே போட்டது. சற்றுத் தயங்கிவிட்டு, முரட்டுப் புதருக்குத் தாவிப்போய்க் கொறிக்க ஆரம்பித்தது.

"இவ்வளவு இளசாக இருக்கிறதே! அதை விட்டுவிட்டு அங்கே ஏன் போகிறது?"

உலகம்மை ஒரு துளிரைக் கிள்ளிக் கொடுத்தாள். மென்றதும் அவருக்கு நாக்கு சுருண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ, என்ன கசப்பு!"

"கடிபட்ட செடி. ஓடிப்போக அதற்குக் காலா இருக்கிறது? கசப்பை ஊறவைத்துக்கொள்ளும்."

அரியநாதர் துளிர் விட்ட புதரின் கடிபட்ட நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

"காலத்துக்கும் இப்படியே கசக்குமா அம்மா?"

"இல்லை. யாரும் வாய் வைக்காமல் இருந்தால் மெல்ல மெல்ல இறங்கும். அந்த முரட்டுப் புதரும் ஒரு காலத்தில் கடிபட்டதுதான்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"அது செடியின் இஷ்டம்."

அரியநாதர் ஊர்ப்பக்கம் கையை நீட்டினார்.

"நான் அவளைக் கடிக்கவா போகிறேன்? ஆசையாகத்தானே அம்மா போகிறேன்! பிள்ளையை ஒரே ஒரு தடவை மடியில் வைத்துக்கொண்டால் போதும்."

"முயலும் ஆசையாகத்தான் வந்தது."

கீழே ஊரில் அடுப்புப் புகை எழ ஆரம்பித்தது. அதில் எது மகள் வீட்டுப் புகை என்று அரியநாதருக்குத் தெரியும். அது கலைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கவில்லை.